இரண்டு மருந்துச் சீட்டுகளுக்கு இடையே

மனச்சோர்வு மருந்துகள் ஒன்றோடொன்று சேரும்போது நேரக்கூடிய தீங்குகளும் நாம் கொள்ள வேண்டிய எச்சரிக்கையும்

மழைக்காலத்தில் ஓரிரவு, 58 வயதுப் பெண்மணி ஒருவரை அவருடைய மகனும் மருமகளும் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். அவர் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியே இங்கு எழுதுகிறோம். மாலைவரை நன்றாக இருந்தவருக்கு இரவு உணவுக்குப் பின் கைகால் நடுக்கம் கண்டது. உடல் முழுவதும் வியர்த்து வழிந்தது. ஓரிடத்தில் இருக்க முடியாமல் எழுவதும் படுப்பதுமாக இருந்தார். பேச்சில் தொடர்பு அறுந்துபோயிற்று. உடல் சுட்டதால் காய்ச்சல் என்று எண்ணிப் பாராசிட்டமால் கொடுத்திருந்தனர், சூடு தணியவில்லை. "சன்னி கண்டுவிட்டது போலிருக்கிறது, டாக்டர்" என்றார் மகன்.

நாங்களும் முதலில் அந்த வழியிலேயே எண்ணினோம். மழைக்காலத்தில் காய்ச்சலும் குழப்பமும் சேர்ந்து வந்தால் மூளைக்காய்ச்சல், டெங்கு, சிறுநீர்த் தொற்று ஆகியவையே நினைவுக்கு வரும். இரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வழக்கம்போல் "என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார்?" என்று கேட்டோம். "சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மட்டும்தான்" என்றார் மகன். மருமகள் சற்றுத் தயங்கினார். பிறகு, கொண்டுவந்திருந்த மஞ்சள் பையை மேசைமீது கவிழ்த்தார். மூன்று மருந்துச் சீட்டுகள், ஏழெட்டு மாத்திரை அட்டைகள், பாதி காலியான இருமல் மருந்துப் புட்டி ஒன்று ஆகியவை அதிலிருந்து விழுந்தன.

முதற்சீட்டு எங்கள் மனநலப் பிரிவில் எழுதப்பட்டது. கணவர் மறைந்தபின் வந்த மனச்சோர்வுக்காக எட்டு மாதங்களாக அவர் எஸ்சிட்டலோபிராம் என்னும் மாத்திரையை எடுத்துவந்தார். இரண்டாவது சீட்டு எங்கள் நீரிழிவுப் பிரிவினுடையது. பாத எரிச்சலுக்காக மூன்று வாரங்களுக்கு முன் டுலாக்செட்டின் எழுதப்பட்டிருந்தது. மூன்றாவது, அவருடைய ஊரில் உள்ள ஒரு சிறு மருத்துவமனையில் முழங்கால் வலிக்காக முந்தைய நாள் எழுதியது. அதில் டிரமடால் இருந்தது. இருமல் மருந்து, சீட்டு ஏதுமின்றி மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. அதன் உட்பொருள் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன்.

அவருடைய கணுக்காலைப் பிடித்துப் பாதத்தைச் சட்டென மேல்நோக்கித் தள்ளினோம். தள்ளிய கையைத் தளர்த்தாமல் வைத்திருக்கையிலேயே, பாதம் தானாக மேலும் கீழும் துடித்துக்கொண்டிருந்தது. தொற்றுக் காய்ச்சலில் இத்தகைய துடிப்பை நாங்கள் எதிர்பார்ப்பதில்லை. நான்கு மருந்துகளும் சேர்ந்து உடலில் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயலை அளவுக்கு மீறி உயர்த்தியிருந்தன. மருத்துவர்கள் இந்நிலையைச் செரோட்டோனின் சிண்ட்ரோம் என்பர்.

ஏரியும் மதகும்

மூளையில் ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்குச் செய்தி கொண்டு செல்லும் வேதிப்பொருள்களுள் ஒன்று செரோட்டோனின். மனநிலை, உறக்கம், பசி, உடல் வெப்பம், தசைகளின் இறுக்கம் ஆகியவற்றில் அதற்குப் பங்குண்டு. உடலில் உள்ள செரோட்டோனினில் பெரும்பகுதி குடலில் இருப்பதால், அது மிகும்போது வயிற்றுப்போக்கும் காண்பதுண்டு. செய்தியைச் சேர்த்தபின் அது இருவழிகளில் அகற்றப்படுகிறது. வெளியிட்ட நரம்பணுவே அதை மீண்டும் உறிஞ்சிக்கொள்வது முதல் வழி. மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்னும் நொதி அதைச் சிதைப்பது இரண்டாவது வழி.

இதை ஓர் ஏரியாக எண்ணிப் பாருங்கள். மீண்டும் உறிஞ்சப்படுவதை மதகு எனலாம்; நொதி சிதைப்பதை மிகை நீரை வெளியேற்றும் கலிங்கு எனலாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃபுளுவாக்செட்டின் முதலிய மனச்சோர்வு மருந்துகள் மதகைச் சற்றே இறக்கி நீர்மட்டத்தை உயர்த்துகின்றன. மருத்துவர் நாடுவதும் அந்த உயர்வையே. ஆனால் டுலாக்செட்டினும் வென்லாஃபாக்சினும் அதே மதகைத்தான் இறக்குகின்றன. வலிக்குத் தரும் டிரமடாலும், வறட்டு இருமலுக்குத் தரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனும் அதே மதகில் கைவைக்கின்றன. ஒருவர் இறக்கியதை அறியாமல் மற்றவர் மேலும் இறக்கினால் மட்டம் கரையைத் தொடும். மதகோடு கலிங்கும் சேர்ந்து அடைபட்டால் கரையே உடையும். ஆகவே, அந்த நொதியைத் தடுக்கும் மருந்தோடு மேற்கண்டவற்றுள் ஒன்று சேர்வதே எல்லாவற்றிலும் ஆபத்தான சேர்க்கையாகும்.

காசநோய் மருந்திலிருந்து

மனச்சோர்வு மருந்துகளின் வரலாறு ஒரு காசநோய் விடுதியில் தொடங்கிற்று. 1952இல் நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் உள்ள சீ வியூ மருத்துவமனையில், இப்ரோனியாசிட் என்னும் புதிய காசநோய் மருந்தைப் பெற்ற நோயாளிகள் வழக்கத்துக்கு மாறான உற்சாகம் கொண்டனர். அம்மருந்து மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுப்பது கண்டறியப்பட்டது. 1957 அளவில் அது மனச்சோர்வுக்கும் வழங்கப்பட்டது. அதே காலத்தில் சுவிட்சர்லாந்தில் இமிப்ரமின் என்னும் வேறொரு வகை மருந்தும் வந்தது. இரு வகைகளையும் சேர்த்துப் பெற்ற சிலருக்குக் கடும் காய்ச்சலும் வலிப்பும் உயிரிழப்பும் நேர்ந்த செய்திகள் 1960களிலேயே மருத்துவ இதழ்களில் வெளிவந்தன.

ஆயினும் உலகின் கவனத்தை இதன்பால் திருப்பியது ஓர் இளம்பெண்ணின் மரணம். 1984 மார்ச் மாதம், லிபி ஸயான் என்னும் 18 வயதுக் கல்லூரி மாணவி காய்ச்சலோடும் நடுக்கத்தோடும் நியூயார்க்கில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்காக அவர் பெனெல்சின் எடுத்துவந்தார். அது நொதியைத் தடுக்கும் வகை. நடுக்கத்தை அடக்க அவருக்குப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. சில மணி நேரத்தில் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி அவர் உயிர் நீத்தார். மரணத்தின் காரணம் குறித்து நீதிமன்றத்தில் நெடிய வாதங்கள் நடந்தன; அவ்விரு மருந்துகளின் சேர்க்கையே காரணம் என்று மருத்துவர் பலர் கருதுகின்றனர். பயிற்சி மருத்துவர்கள் நெடுநேரம் ஓய்வின்றி உழைத்ததும் அவ்வழக்கில் வெளிப்பட்டது. 1989இல் நியூயார்க் மாநிலம் அவர்களுடைய பணியை வாரத்திற்கு 80 மணி நேரம் என்று வரையறுத்தது.

1991இல் ஸ்டெர்ன்பாக் என்னும் மருத்துவர் இந்நிலையின் அறிகுறிகளை வரிசைப்படுத்தினார். 2003இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வகுத்த ஹன்டர் விதிகள், தானாகத் துடிக்கும் தசையை முதன்மை அடையாளமாக்கின. அந்த இரவில் நாங்கள் பாதத்தைத் தள்ளிப் பார்த்தது இவ்விதிகளின்படியே.

சீட்டில் ஒளிந்திருக்கும் மருந்துகள்

இரண்டு மனச்சோர்வு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது எப்போதும் பிழையாகாது. ஒரு மருந்தால் குணம் போதாதபோது மிர்டசபின், புப்ரோபியான் போன்ற வேறு வகையைச் சேர்ப்பதும், உறக்கத்திற்காகச் சிறு அளவில் டிரசடோன் சேர்ப்பதும் மனநல மருத்துவர்கள் அறிந்தே செய்வன. அவர்கள் அளவை மெல்ல உயர்த்தி, இடையிடையே அழைத்துப் பார்ப்பர். நாங்கள் அஞ்சுவது ஒருவரும் திட்டமிடாமல் நேரும் சேர்க்கையை. ஒரு மருத்துவர் எழுதிய சீட்டுக்கும் மற்றொருவர் எழுதிய சீட்டுக்கும் இடையே அது உருவாகிறது.

பின்வரும் மருந்துகளைப் பெறும் பலர், தாம் மனச்சோர்வு மருந்தையோ செரோட்டோனினை உயர்த்தும் மருந்தையோ எடுப்பதாக அறிவதில்லை.

1. நரம்பு மாத்திரைகள்: பாத எரிச்சல், கழுத்து நரம்பு வலி, ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்குத் தரும் டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின், நார்ட்ரிப்டிலின் ஆகியவை மனச்சோர்வு மருந்துகளே. பிரிகாபாலின், கபாபென்டின் போன்றவற்றோடு ஒரே மாத்திரையில் கலந்தும் இவை விற்கப்படுகின்றன.

2. பதற்றத்துக்கும் 'நெஞ்சுப் படபடப்பு'க்கும் தரும் கூட்டு மாத்திரைகள்: எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் சேர்ந்தது, ஃபுளுபென்டிக்சாலும் மெலிட்ரசினும் சேர்ந்தது ஆகியவை இவ்வகையின. 'தூக்க மாத்திரை' என்று வீட்டில் அழைக்கப்படுவது பலமுறை இவற்றுள் ஒன்றாக இருக்கும்.

3. வலி நீக்கிகள்: டிரமடால், டேப்பென்டடால். பாராசிட்டமாலோடு சேர்ந்த டிரமடால் மாத்திரையைப் பலர் வெறும் பாராசிட்டமால் என்றே எண்ணுகின்றனர்.

4. இருமல் மருந்துகள்: வறட்டு இருமலுக்கானவற்றுள் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உண்டு.

5. லினசோலிட்: மருந்துக்கு அடங்காத காசநோய்க்கும் சில கடும் தொற்றுகளுக்கும் இது தரப்படுகிறது. இப்ரோனியாசிட்டைப் போலவே இதுவும், வலிமை குறைவாயினும், அந்த நொதியைத் தடுக்கிறது.

6. நடுக்குவாத மருந்துகளான செலஜிலின், ரசஜிலின்: இவையும் நொதியைத் தடுப்பவை.

7. டபாக்செட்டின்: ஆண்கள் விந்து முந்துதலுக்காக எடுக்கும் இம்மாத்திரை எஸ்சிட்டலோபிராமின் இனத்தைச் சேர்ந்தது. கூச்சத்தால் பெரும்பாலோர் இதைச் சொல்வதில்லை.

இவற்றுள் இரண்டு சேர்ந்தால் எல்லாருக்கும் தீங்கு வரும் என்று கொள்ளற்க. பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. அளவு கூடும்போதும், மூன்றாவது மருந்து சேரும்போதும், முதுமையிலும், சிறுநீரகமோ கல்லீரலோ தளர்ந்திருக்கும்போதும் ஆபத்து மிகுகிறது.

மாத்திரையை மாற்றும் காலத்திற்கும் இது பொருந்தும். ஃபுளுவாக்செட்டின் நிறுத்தியபின்னும் பல வாரங்கள் உடலில் தங்கும். எனவே அதன்பின் நொதியைத் தடுக்கும் மனச்சோர்வு மருந்தைத் தொடங்க 5 வார இடைவெளி வேண்டும்; அவ்வினத்தின் பிற மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 2 வாரங்கள் போதும். பழைய அட்டையில் மிஞ்சியதைப் புதியதோடு சேர்த்து விழுங்குவது ஒருபோதும் கூடாது.

அறிகுறிகளை அறிதல்

புதிய மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ 24 மணி நேரத்திற்குள் பெரும்பாலும் அறிகுறிகள் தோன்றும். அவை மூன்று வகையாக வரும்.

மனத்தில்: காரணமற்ற பதற்றம், இருப்புக்கொள்ளாமை, குழப்பம்.

உடலில்: மிகுந்த வியர்வை, படபடப்பு, இரத்த அழுத்த உயர்வு, விரிந்த கண்மணி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல்.

தசைகளில்: நடுக்கம், தசைத் துடிப்பு, விறைப்பு. இவை கைகளைவிடக் கால்களில் மிகுதியாகக் காணப்படும்.

இலேசான நிலையில் சிறு நடுக்கமும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் மட்டுமே இருக்கும். 'ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று கடந்துவிடுவோம். கடும் நிலையில் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைக் கடந்து, தசைகள் விறைத்து, வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இவ்வெப்பம் ஓயாது இயங்கும் தசைகளிலிருந்து எழுவது. ஆகவே பாராசிட்டமால் இதைத் தணிப்பதில்லை. மருந்து மாற்றத்துக்குப் பின் நடுக்கத்தோடு வந்த காய்ச்சல் பாராசிட்டமாலுக்கு இறங்காவிட்டால், வீட்டில் காத்திராமல் 108 ஊர்தியை அழையுங்கள்.

மருத்துவமனையில் செய்யும் சிகிச்சை எளியது. காரணமான மருந்துகளை நிறுத்துவோம். நரம்பு வழியே நீர் செலுத்துவோம். தசைகளின் கொந்தளிப்பை அமைதியூட்டும் மருந்தால் அடக்குவோம். வேண்டுமாயின் சைப்ரோஹெப்டடின் தருவோம். பசியெடுக்காத பிள்ளைகளுக்குச் சிரப்பாகத் தரும் அதே மருந்துதான் இது. செரோட்டோனினின் செயலைத் தடுக்கும் தன்மை அதற்குண்டு. ஆனால் இதை வீட்டில் தாமே கொடுத்துப் பார்த்தல் கூடாது. தக்க நேரத்தில் வந்தால் பெரும்பாலோர் ஓரிரு நாளில் தெளிகின்றனர். நீண்டநேரம் உடலில் தங்கும் மருந்தாயின் சில நாள் கூடுதலாகலாம்.

வேறு சில மோதல்களும் உள. எஸ்சிட்டலோபிராம் இனத்து மருந்துகளோடு ஆஸ்பிரினோ டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளோ சேர்ந்தால் இரைப்பையில் இரத்தக்கசிவு ஏற்படலாம்; மலம் கறுத்துப் போவது அதன் அடையாளம். முதியோரில், சிறுநீர் பெருக்கும் இரத்த அழுத்த மாத்திரைகளோடு சேரும்போது இரத்தத்தில் சோடியம் குறைந்து தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். ஃபுளுவாக்செட்டின், பராக்செட்டின் ஆகியவை கல்லீரல் அமிட்ரிப்டிலினைச் சிதைப்பதைத் தடுத்து, அதன் அளவை இரத்தத்தில் உயர்த்தும். அப்போது இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம்.

அச்சத்தால் நிறுத்தற்க

அந்தப் பெண்மணி மறுநாள் மாலைக்குள் தெளிந்தார். பாதத் துடிப்பு நின்றது. மூன்றாம் நாள் நாங்கள் சுற்றி வரும்போது அவர் சொன்னார்: "இனிமே அந்த மனசு மாத்திரையே வேண்டாம் டாக்டர். இருக்கிற வரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்." மகனுக்கும் அதே எண்ணந்தான். அம்மா அம்மாத்திரையை எடுப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

மருமகள் அப்போது வாய்திறந்தார். எட்டு மாதங்களுக்கு முன் மாமியார் பல வாரங்கள் சரியாக உண்ணாமல், எவரோடும் பேசாமல், வாழ விருப்பமில்லை என்று தம்மிடம் சொன்னதையும், மனநலப் பிரிவுக்குத் தாமே அழைத்துவந்ததையும் கூறினார். மாத்திரை தொடங்கி ஒன்றரை மாதத்தில் அத்தை மீண்டும் வாசலில் கோலமிட ஆரம்பித்தார் என்றார். வெளியே தெரிந்தால் ஊர் என்ன சொல்லுமோ என்று இருவரும் அதைப் புடவைப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தனர்.

நீரிழிவுப் பிரிவில் "வேறு மாத்திரை ஏதும் எடுக்கிறீர்களா?" என்று நாங்கள் கேட்டபோது அவர் ஏன் மறைத்தார் என்பதும் அப்போது விளங்கியது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, உரத்த குரலில் கேட்டோம். "பிரஷர் மாத்திரை மட்டும்" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டோம். ஒரே கட்டடத்தின் இரண்டு பிரிவுகளில் எழுதிய சீட்டுகளை ஒருசேரப் பார்க்க எங்களுள் ஒருவரும் முனையவில்லை. அது எங்கள் பிழை. அதை அக்குடும்பத்தாரிடம் சொன்னோம், இங்கும் சொல்கிறோம்.

மனநல மருத்துவரோடு கலந்து பேசி, சில நாள் கழித்து எஸ்சிட்டலோபிராமை மட்டும் குறைந்த அளவில் மீண்டும் தொடங்கினோம். பாத எரிச்சலுக்குச் செரோட்டோனினைத் தொடாத வேறு மருந்து தந்தோம். முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் உடற்பயிற்சியும் போதுமானதாக இருந்தன.

இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் தம் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட்டால், எங்கள் நோக்கம் பாழாகும். திடீரென நிறுத்துவதால் தலைச்சுற்றல், உறக்கமின்மை, மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்வு ஆகியவை வரலாம். அதனினும் பெரிது, அடங்கியிருந்த மனச்சோர்வு மீளும். அந்நோயும் உயிரைப் பறிக்க வல்லதே. ஐயம் எழுந்தால் மருந்தை எழுதியவரிடம் கேளுங்கள். இறக்க வேண்டுமாயின் அவரே படிப்படியாக இறக்குவார். மேற்கூறிய நடுக்கமும் காய்ச்சலும் குழப்பமும் கண்டால் மட்டும், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

1. எந்த மருத்துவரிடம் சென்றாலும் எல்லாச் சீட்டுகளையும் எல்லா அட்டைகளையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாயின், பையை மேசைமீது வைத்தாலே போதும்.

2. மாத்திரை அட்டையை இறுதிவரை வெட்டி எறியாதீர்கள். விற்பனைப் பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரே எங்களுக்கு வேண்டுவது. கைப்பேசியில் படம் எடுத்து வைத்தல் நன்று.

3. மெடிக்கல் ஷாப்பில் வலிக்கோ இருமலுக்கோ மருந்து கேட்கும்போது, "மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கு இது பொருந்துமா?" என்று கேளுங்கள்.

4. அறுவை சிகிச்சைக்கோ பல் பிடுங்கவோ செல்லுமுன் இம்மாத்திரைகளைத் தவறாமல் தெரிவியுங்கள்.

5. புதிய மருந்து தொடங்கிய முதல்நாள் நோயாளியைத் தனியே விடாதீர்கள்.

6. நாட்டு மருந்து, சத்து மாத்திரை, மூலிகைப் பொடி ஆகியவற்றையும் மறையாமல் சொல்லுங்கள்.

7. மனம் தாங்காத வேளையில் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

எங்கள் பங்குக்கு நாங்களும் ஒன்றை மாற்றிக்கொண்டோம். நீரிழிவுப் பிரிவில் இப்போது "வேறு மாத்திரை உண்டா?" என்று வரிசைக்கு முன் கேட்பதில்லை. "பையைக் கொடுங்கள் அம்மா" என்று கேட்டு, அதிலுள்ளவற்றை நாங்களே பார்த்து எழுதுகிறோம்.

அப்பெண்மணி சென்ற மாதம் மறுபரிசோதனைக்கு வந்தார். உடன் வந்தவர் மகன். மஞ்சள் பை அவர் கையில் இருந்தது. எல்லா மருந்துகளையும் ஒரே தாளில் தம் கையால் எழுதியிருந்தார். முதல் வரியில் இருந்தது எஸ்சிட்டலோபிராம்.